மசாலா பால்: கொடையில் குடித்தவர்கள் ஊருக்குப் போய்க் கேட்கிற கேள்விகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் வழியில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் மசாலா பால் உண்டு. சிலர் அப்போதே அடுப்படிக்கு வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய், வீட்டில் செய்து பார்த்து, பால் திரிந்த பிறகு போன் போடுவார்கள். சந்தேகங்கள் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

"அக்கா, மசாலா பால்னா டீத்தூள் போடாத மசாலா டீதானே?"

இல்லை. டீயில் தேயிலையின் துவர்ப்புக்கு ஈடுகொடுக்கத்தான் மசாலா. இஞ்சியும் ஏலமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் அங்கே தாங்கும். பாலில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. கிராம்பு ஒன்று கூடினாலும் நாக்கில் தெரிந்துவிடும். மதுரை, திண்டுக்கல் பக்கம் ராத்திரிக் கடைகளில் அகலமான சட்டியில் சுண்டக் காய்ச்சி, ஆடையோடு ஊற்றித் தருவார்களே, அந்த வகைதான் இது. வீட்டில் அவ்வளவு சுண்ட வைக்க வேண்டியதில்லை.

"சரி, ரெண்டு பேருக்கு அளவு சொல்லுங்க. முதல்லேர்ந்து."

பால் 400 மில்லி, தண்ணீர் 100 மில்லி. ஏலக்காய் 2, கிராம்பு 1, அரை விரல் நீளத்தில் பட்டை ஒரு துண்டு, மிளகு 5, சுக்குத்தூள் கால் டீஸ்பூன், மஞ்சள்தூள் இரண்டு சிட்டிகை. ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் 8, கொஞ்சம் பால் விட்டு அரைத்தது. பனங்கற்கண்டு 3 டீஸ்பூன், அல்லது உங்கள் இனிப்புக்கு ஏற்ப.

ஏலம், கிராம்பு, பட்டை, மிளகு நான்கையும் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக வேண்டாம். தண்ணீரில் போட்டு, சுக்கும் மஞ்சளும் சேர்த்து, தண்ணீர் பாதியாகும் வரை கொதிக்கவிடுங்கள். அப்புறம் பாலை ஊற்றுங்கள். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, பாதாம் விழுதைக் கரைத்துவிட்டு, அடியைத் துழாவிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் இனிப்பு. வடிகட்டி, இரண்டு முறை ஆற்றி, நுரையோடு கொடுங்கள்.

பொருள் ஏதாவது இல்லாவிட்டால் விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் தண்ணீரில் மசாலா, பிறகு பால், அடுப்பை அணைத்த பிறகு இனிப்பு. எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இந்த வரிசை மாறியதால் வந்தவை.

"எல்லாத்தையும் பால்லயே போட்டுக் கொதிக்க விட்டா என்ன? தண்ணி எதுக்கு?"

பட்டையும் மிளகும் கெட்டியான சரக்கு. தளதளவென்று கொதித்தால்தான் அவற்றின் சாரம் இறங்கும். பாலை அப்படிக் கொதிக்கவிட்டால் ஒன்று பொங்கி அடுப்பை அணைக்கும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். மெல்லிய தீயில் பாலிலேயே போட்டு வைத்தால் வாசனை வரும், காரம் வராது. அதனால் கொதிக்க வேண்டிய வேலையைத் தண்ணீரில் முடித்துக்கொள்கிறோம். வாசனை எண்ணெய்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால், பிறகு பாலோடு சேர்ந்து சிறு தீயில் இருக்கும்போது மீதி வாசனையும் இறங்கிவிடும்.

பாத்திரத்தில் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே இருப்பதால் அடிப்பிடிப்பதும் குறையும்.

"கொடையில குடிச்ச டேஸ்ட் சென்னையில வரலையே. தண்ணி வித்தியாசமா?"

தண்ணீரைவிட உயரம்தான் காரணம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. நான் சொல்லும் நேரம் இங்கத்திய அடுப்புக்கு. அதே நேரம் கீழே கொதிக்கவிட்டால் கிராம்பும் பட்டையும் கூடுதலாக இறங்கி, கொஞ்சம் கசக்கும். சமவெளியில் இருப்பவர்கள் மசாலாத் தண்ணீரை இரண்டு நிமிடம் முன்னதாகவே நிறுத்திப் பாருங்கள்.

அதோடு ஒன்று. வெளியே பனி இறங்கும்போது கம்பளிக்குள் உட்கார்ந்து குடித்ததை, மே மாதம் அண்ணா நகரில் மின்விசிறிக்குக் கீழே குடித்துவிட்டு ஒப்பிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

"எந்தப் பால் வாங்கணும்? பாக்கெட்டா, கறந்த பாலா?"

நம்பிக்கையான வீட்டில் கறந்த பசும்பால் கிடைத்தால் அதுதான். இல்லாதவர்களுக்கு ஆவினில் பச்சைப் பாக்கெட் போதும், கொழுப்பு 4.5 சதவீதம். நீலம் 3 சதவீதம்தான். அதில் செய்தால் நீர்த்துத் தெரியும், பாதாமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். பாதாமே தேவையில்லை, ஆனால் ராத்திரியில் சிலருக்கு வயிறு திம்மென்று இருக்கும். கறந்த பாலைக் கண்டிப்பாக நன்றாகக் காய்ச்சிய பிறகே எடுக்க வேண்டும்.

"வெல்லம் போட்டதும் திரிஞ்சு போச்சு. பால் கெட்டதா, வெல்லம் கெட்டதா?"

இரண்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் லேசான புளிப்புத்தன்மை உண்டு, உப்புச் சத்துகளும் உண்டு. கொதிக்கிற பாலில் அவை விழுந்தால் பால் புரதம் திரளும். அடுப்பை அணைத்து, சூடு குடிக்கிற பக்குவத்துக்கு வந்த பிறகு சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. கருப்பட்டியில் மண் இருக்கும். அரை டம்ளர் தண்ணீரில் தனியாகப் பாகாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள்.

பால் மேலேயே சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பாருங்கள். அது திரிந்தால் வெல்லத்தின் மேல் பழி போடாதீர்கள். இங்கே வருகிறவர்கள் "கொடையே ஃப்ரிட்ஜ்தானே" என்று பாக்கெட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு ஏரிக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரிக் குளிர் வேறு, பகலில் கண்ணாடி வழியாக அடிக்கிற வெயில் வேறு. சாயங்காலம் பால் புளித்திருக்கும்.

"நான் சர்க்கரைதான் போட்டேன். பச்சை இஞ்சி தட்டிப் போட்டதும் திரிஞ்சிடுச்சே?"

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. கறி மெத்தென்று வேகப் பச்சைப் பப்பாளி சேர்ப்பார்களே, அதில் இருக்கிற மாதிரிப் புரதத்தை உடைக்கும் நொதி. வெதுவெதுப்பான பாலில் இஞ்சிச் சாறு பட்டால் பால் தயிர் போல உறையும். சீனாவில் இதை வைத்தே ஒரு இனிப்பு செய்கிறார்கள்.

கொதிக்கிற தண்ணீரில் இந்த நொதி செத்துவிடும். அதனால் இஞ்சி வேண்டுமென்றால் மேலே சொன்ன மசாலாத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதித்த பிறகு பால் ஊற்றுங்கள். சுக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. எனக்குப் பாலில் சுக்குதான் பிடிக்கும். இஞ்சி டீக்கே இருக்கட்டும்.

"பனங்கற்கண்டு போட்டா சுகர் ஏறாதுல்ல?"

ஏறும். பனங்கற்கண்டு, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். மணம் வேறு, நிறம் வேறு, அவ்வளவே. பாலிலேயே இயற்கையாகச் சர்க்கரை இருக்கிறது, 200 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்புச் சேர்க்காமல், ஏலக்காயை ஒன்று கூட்டிக் குடித்துப் பாருங்கள். ஏலத்தின் மணம் இனிப்புக் குறையை ஓரளவு மறைக்கும்.

"பட்டையில ரெண்டு வகை சொல்றாங்க. எது வாங்குறது?"

கெட்டியாக, ஒரே சுருளாக, உடைக்கக் கஷ்டமாக இருப்பது சீனப் பட்டை. காகிதம் மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடைவது இலங்கைப் பட்டை. பாலுக்கு இலங்கைப் பட்டை நல்லது, காரம் குறைவு, மணம் மென்மை. சீனப் பட்டையில் கூமரின் என்கிற பொருள் அதிகம். தினமும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. என்றைக்கோ ஒரு துண்டு போடுவதில் பயமில்லை.

ஏலக்காய்க்கு எங்களுக்குக் கவலை இல்லை. தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டங்களில் ஏலமும் மிளகும் விளைகின்றன. கீழே போடியில் ஏல வியாபாரமே நடக்கிறது. கடையில் வாங்கும்போது கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சை ஒட்டினால் சாயம்.

"பூண்டுப் பால் செஞ்சா நாத்தம் அடிக்காதா? நீங்க கொடுத்ததுல வாசனையே இல்லையே?"

பூண்டு முழுதாக இருக்கும்வரை அந்தக் கடும் வாடை கிடையாது. நசுக்கும்போதோ அரியும்போதோ உள்ளே தனித்தனியாக இருக்கிற இரண்டு பொருட்கள் கலந்துதான் அந்த வாடை உண்டாகிறது. அந்த இரண்டில் ஒன்றான நொதி சூட்டில் அழிந்துவிடும். அதனால் பல்லை உரித்து, கீறல்கூடப் போடாமல் முழுசாக வேகவைத்து, வெந்த பிறகு மசித்தால் வாடை எழும்பாது. வெந்த பல் இனிப்பாக, வெண்ணெய் போலக் கரையும்.

ஒருவருக்கு ஆறு பல். கால் டம்ளர் தண்ணீரும் ஒரு டம்ளர் பாலும் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதம் வர இங்கே இருபது நிமிடம் பிடிக்கும், கீழே கொஞ்சம் சீக்கிரம். கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, மிளகுத்தூள், மஞ்சள் சேர்த்து ஒரு கொதி. பனங்கற்கண்டு கடைசியில். இதில் ஏலமும் பட்டையும் போடாதீர்கள், பூண்டோடு சண்டை போடும்.

எங்களுக்குப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கத்துப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் எல்லாப் பூண்டும் "கொடைப் பூண்டு" ஆகிவிட்டது என்பது வேறு கதை. கொத்தாகக் கட்டி வீட்டில் தொங்கவிட்டு வைத்திருப்பவர்களிடம் வாங்கினால் மாதக்கணக்கில் கெடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் பூண்டுப் பால் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"மஞ்சள் பாலில் மிளகு போட்டா இருபது மடங்கு சத்து ஏறும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெசமா?"

பாதி நிஜம். பெங்களூரில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்றிலிருந்து வந்த செய்தி அது. மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு, மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு ஏறத்தாழ அந்த மடங்குக்குக் கூடியது. வாட்ஸ்அப்பில் மடங்கை மட்டும் எழுதினார்கள், அளவை எழுதவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். அதைப் பாலில் கரைத்தால் சுவருக்குத்தான் பூசலாம்.

அதனால் மருந்துக் கணக்கை விட்டுவிடுங்கள். மிளகு போடுவது சுவைக்கு. மஞ்சளை மசாலாத் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டால் பச்சை வாடை போகும். விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பது நல்லது. பளிச்சென்ற நிறத்துக்காகத் தூளில் ஈயம் கலந்த சாயம் சேர்க்கிற கலப்படம் உண்டு.

"சளி பிடிச்சா இதைக் குடிச்சா போயிடுமா?"

போகாது. சளி அதன் நாள் கணக்கில்தான் போகும். சூடாக இறங்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கும், அதுவே பெரிய விஷயம். ஒரு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல் என்றால் டம்ளரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"குங்குமப்பூ போட்டா நல்லாயிருக்குமா?"

நல்ல குங்குமப்பூ என்றால் நன்றாக இருக்கும். ஆனால் பட்டையும் கிராம்பும் இருக்கிற பாலில் அதன் மணம் அமுங்கிப்போகும், காசுக்குக் கேடு. போடத்தான் வேண்டுமென்றால் ஏலக்காய் மட்டும் சேர்த்த பாலில் போடுங்கள். நான்கைந்து இழையை வெதுவெதுப்பான பாலில் ஊறவையுங்கள். மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கி, இழை சிவப்பாகவே இருந்தால் அசல். போட்டதும் சிவப்பாகச் சாயம் கொட்டி, இழை வெளுத்தால் அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

"தூக்கம் வரணும்னு சாதிக்காய் எவ்வளவு போடலாம்?"

துருவியில் ஒரு முறை இழுத்தால் விழுகிற அளவு, ஒரு சிட்டிகைக்குள். மணத்துக்கு அது போதும். சாதிக்காய் விளையாட்டுப் பொருள் இல்லை. முழுக் காய் அளவுக்குப் போனால் வாந்தி, படபடப்பு, மனக் குழப்பம் வரும். கர்ப்பிணிகள் அறவே தவிர்த்துவிடலாம். தூக்கம் வரும் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஒன்பது மணிக்குக் காப்பி குடிக்கிறவர் அதை விட்டு இதற்கு மாறினால், காப்பி குடிக்காததற்காகவே தூக்கம் வரலாம்.

"குழந்தைக்குக் கொடுக்கலாமா?"

ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பசும்பாலைக் குடிக்கிற பாலாகவே கொடுக்க வேண்டாம், தேனும் கூடாது. அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு ஏலமும் துளி மஞ்சளும் போட்டு, மிளகும் கிராம்பும் இல்லாமல் கொடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பாதாமைப் புதிதாகச் சேர்க்கும்போது ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்துக் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பால் ஒத்துக்காது. தேங்காய்ப் பால்ல செய்யலாமா?"

செய்யலாம், ருசியாகவே இருக்கும். ஆனால் வரிசையில் சின்ன மாற்றம். மசாலாத் தண்ணீரில் இரண்டாம் பாலை ஊற்றி லேசாகக் காய்ச்சுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் கெட்டியான முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இதற்குக் கருப்பட்டி அருமையாகப் பொருந்தும்.

"மொத்தமா பொடி அரைச்சு வச்சுக்கலாமா? உங்க பொடி கட்டியாவே ஆகுறதில்லையே?"

இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். ஏலத்தைத் தோல் நீக்கி, விதையை மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு அரைத்தால் நைசாக வரும். மற்றவற்றை வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, முழுக்க ஆறிய பிறகு அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்து மூடினால் உள்ளே வியர்க்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். உப்பு கரைகிற காற்றில் பொடி எப்படித் தாங்கும்? சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்திருப்பேன். எல்லோரும் செய்கிற தப்பு, ஆவி பறக்கிற பாத்திரத்துக்கு மேலே குப்பியைக் கவிழ்த்துத் தட்டுவது. ஸ்பூனில் எடுத்துப் போடுங்கள். பொடியைப் பாலில் போடும்போது கொதிக்கவிடும் நேரம் பாதி போதும்.

"துபாய்ல இருக்கிற பையனுக்குப் பொடி கொடுத்தனுப்பணும். கசகசா சேர்க்கலாமா?"

சேர்க்கவே கூடாது. கசகசா நம் ஊரில் சாதாரண மளிகைச் சாமான், ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சவுதி, கத்தார், சிங்கப்பூரிலும் அப்படியே. பொடியில் கலந்திருந்தாலும் பிடித்தால் போதைப்பொருள் வழக்காகிவிடும். திரட்சிக்கு முந்திரியோ வெள்ளரி விதையோ அரைத்துச் சேருங்கள். கடையில் வாங்கிய பால் மசாலா என்றால் பாக்கெட்டின் பின்னால் உள்ள பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

"விடியக்காலை சூரிய உதயம் பார்க்கப் போறோம். ஃபிளாஸ்க்ல எடுத்துட்டுப் போகலாமா?"

தாராளமாக. முதலில் கொதிக்கிற தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பாலை நன்றாக வடிகட்டி, சூடாகவே ஊற்றுங்கள். கிராம்பு உள்ளே கிடந்தால் போய்ச் சேர்வதற்குள் கசந்துவிடும். வெல்லம், கருப்பட்டி சேர்த்ததை ஃபிளாஸ்க்கில் அடைக்காதீர்கள், காரணம் மேலே வெல்லக் கேள்வியில் இருக்கிறது. பனங்கற்கண்டைப் பொட்டலமாகக் கொண்டுபோய் டம்ளரில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

"வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது பேருக்குச் செய்யணும். எல்லாத்தையும் இருபத்தஞ்சால பெருக்கிடவா?"

பாலைப் பெருக்கலாம், மசாலாவைப் பெருக்கக் கூடாது. பெரிய பாத்திரம் சூடாக நேரம் பிடிக்கும், ஆறவும் நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் மசாலா இறங்கிக்கொண்டே இருக்கும். கூட்டத்துக்குக் கொடுக்கும்போது சின்ன டம்ளர்தான், ஆளுக்கு 150 மில்லி என்றால் ஏழரை லிட்டர் பால் போதும். அதற்கு ஏலக்காய் 30, கிராம்பு 10, விரல் நீளப் பட்டை 6, மிளகு 60, சுக்குத்தூள் 3 டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒன்றரை டீஸ்பூன். பாதாம் 150.

தட்டிய சரக்கை வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் பாதியாகும் வரை கொதிக்கவிடுங்கள். முடிச்சைப் பாலிலும் பத்து நிமிடம் விட்டு, ருசி பார்த்து வெளியே எடுத்துவிடுங்கள். இதுதான் முடிச்சின் வசதி, வேண்டியபோது நிறுத்தலாம். பாதாம் விழுதைப் போட்ட பிறகு ஒருவர் பாத்திரத்தை விட்டு நகரவே கூடாது. அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும், ஏழரை லிட்டருக்கும் கருகல் வாடை ஏறிவிடும். அப்படிப் பிடித்துவிட்டால் சுரண்டாமல், மேலே உள்ள பாலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

விறகடுப்பு என்றால் பாத்திரத்தை மூடி வைக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், மூடினால் புகை வாடை தெரியாது என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் காய்ந்த விறகாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். கல்கண்டு ஒரு கிலோவுக்குள் வாங்கி வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு முக்கால் கிலோ போட்டுக் கலக்கி, வீட்டில் இனிப்பு அதிகம் சாப்பிடாத யாராவது ஒருவரிடம் ருசி பார்க்கச் சொல்லி, அப்புறம் மீதியைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.